டேப்பட் கவர் பெயின்ட் உரிகிறதா, எழுத்து பிசிறுகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பானெட்டைத் தூக்கியதும் முதலில் கண்ணில் படுவது, எஞ்சினின் தலைப்பகுதியை (ஹெட்) மேலிருந்து மூடும் டேப்பட் கவர்தான். ஹெட் கவர் என்பார்கள் சிலர், வால்வு கவர் என்பார்கள் வேறு சிலர். எஞ்சினுக்கு முகம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். 1950களில் ஃபெராரி தன் பந்தயக் கார் ஒன்றுக்கு டெஸ்டா ரோஸா, அதாவது 'சிவப்புத் தலை' என்று பெயர் வைத்ததே இந்தக் கவருக்கு அடித்த சிவப்பு பெயின்ட்டால்தான். ஹோண்டாவின் டைப் ஆர் வண்டிகளில் வரும் சொரசொரப்பான சிவப்புக் கவரைப் பார்த்து ஆசைப்பட்டுத்தான் நானும் இதில் இறங்கினேன்.

என் 2001 மாடல் சிட்டியின் கவரை மூன்று தடவை அடித்திருக்கிறேன். முதல் தடவை அடித்தது மூன்றே வாரத்தில் வாழைப்பட்டை மாதிரி உரிந்தது. இரண்டாம் தடவை பெயின்ட் நின்றது, ஆனால் புடைத்து நிற்கும் எழுத்துகளை எலி கொறித்ததுபோல ஆக்கி வைத்தேன். மூன்றாவதுதான் இன்னும் இருக்கிறது. அதன்பிறகு நண்பர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கவரைக் கழற்றிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். வண்டி மாறினாலும் கோளாறுகள் மாறவில்லை. அவற்றைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் கவரில் தெரியும் அறிகுறியைத் தேடி நேராக அங்கே போய்விடலாம். ஒவ்வொன்றிலும் காசில்லாமல் தீரும் காரணம் முதலில், செலவு வைக்கும் காரணம் கடைசியில்.

எதற்கும் முன்னால்: கவர் எதனால் ஆனது?

காந்தம் ஒட்டினால் இரும்புத் தகடு. பழைய அம்பாசடர் கவர் இந்த ரகம். நகத்தால் தட்டும்போது டொக் டொக் என்று கேட்டால் பிளாஸ்டிக். புதிய வண்டிகள் பலவற்றில் இப்போது இதுதான். இரண்டும் இல்லையென்றால் பெரும்பாலும் அலுமினிய வார்ப்பு.

அபூர்வமாக மெக்னீசியமாகவும் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் பெயின்ட்டைச் சுரண்டி ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். உடனே நுரைத்துப் பொங்கினால் மெக்னீசியம், சும்மா கிடந்தால் அலுமினியம். மெக்னீசியம் என்றால் உப்புத்தாளைக் கீழே வையுங்கள். அந்தத் தூள் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது. அந்தக் கவரைத் தெரிந்தவர் கையில் கொடுத்துவிடுவதே நல்லது.

பெயின்ட் தகடு தகடாக உரிகிறது

நான் பார்த்ததில் பாதிக்கு மேல் இந்த ரகம். வருகிறவர்கள் எல்லாரும் "பெயின்ட் டப்பா மட்டமான டப்பா" என்றுதான் ஆரம்பிப்பார்கள். இல்லை. பெரும்பாலும் எண்ணெய்.

உரிந்த ஒரு செதிலை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். இதிலேயே வழி பிரிந்துவிடும்.

செதிலின் அடிப்பக்கம் வழவழப்பாக, அது இருந்த இடத்தில் உலோகம் பளபளவென்று இருந்தால், தேய்க்காமல் அடித்திருக்கிறீர்கள். பெயின்ட்டுக்குப் பிடிமானமே இல்லை. உரித்துவிட்டு 180, அப்புறம் 320 உப்புத்தாள் போட்டு முழுவதும் தேய்த்து மறுபடி அடித்தால் முடிந்தது.

செதிலின் அடியில் பழைய பெயின்ட்டும் சேர்ந்து வந்திருந்தால், கம்பெனி அடித்த பழைய அடுக்கே பலமிழந்து போயிருக்கிறது. அதன்மேல் எது அடித்தாலும் நிற்காது. மொத்தமாக உரிக்க வேண்டும். பெயின்ட் ரிமூவர் போதும். காஸ்டிக் சோடாவோ, அடைப்பு நீக்கும் தூளோ வேண்டவே வேண்டாம். அலுமினியத்தை அது தின்றுவிடும், ஹைட்ரஜனும் கிளம்பும். நண்பர் ஒருவர் கவரை இரவு முழுக்க ஊறவைத்துவிட்டுக் காலையில் வந்து பார்த்தார். எழுத்துகளின் விளிம்பு பாதி கரைந்து, நனைந்த சோப்புக்கட்டி மாதிரி ஆகியிருந்தது.

விரல் வைத்தால் வழுக்குகிறதா? கவர் எண்ணெய் குடித்திருக்கிறது. இருபது வருடம் ஆயிலில் கிடந்த அலுமினிய வார்ப்பின் நுண்துளைகளுக்குள் ஆயில் இருக்கத்தான் செய்யும். மேலே துடைத்தால் போனதுபோலத் தெரியும், எஞ்சின் சூடானதும் வெளியே வந்து பெயின்ட்டைத் தூக்கிவிடும். எங்கள் தெருமுனைப் பெயின்ட்டர் அண்ணன் என் கவரைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "இது ஆயில் குடிச்சிருக்குதுங்க தம்பி. ரெண்டு நாளைக்கு வெயில்ல போட்டுத் துடைங்க, அப்புறம் பெயின்ட்டைப் பத்திப் பேசலாம்" என்றார். அன்றைக்கு அதைக் கேட்காமல்தான் முதல் தடவை கெட்டுப்போனேன்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். டீசலில் ஊறவைத்துப் பிரஷ்ஷால் கழுவுங்கள். பாத்திரம் தேய்க்கும் சோப்பும் வெந்நீரும் போட்டு இரண்டு தடவை தேயுங்கள். காயவைத்து, மொட்டை மாடி வெயிலிலோ ஹீட் கன் வைத்தோ கை பொறுக்காத அளவுக்குச் சூடாக்குங்கள். அங்கங்கே ஈரம் கசிவதுபோல ஆயில் தலைகாட்டும். கவர் ஆறியபின் தின்னர் தொட்ட துணியால் துடையுங்கள். சூடாக இருக்கும்போது தின்னரைப் பக்கத்தில்கூடக் கொண்டுபோகாதீர்கள். மறுபடி சூடாக்கி, ஆறவைத்து, மறுபடி துடைக்க வேண்டும். துணியில் மஞ்சள் கறை வராத வரைக்கும் இதேதான் வேலை. என் கவருக்கு ஐந்து சுற்று பிடித்தது.

சுத்தமாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரு டம்ளர் தண்ணீர் போதும். கவர்மேல் ஊற்றுங்கள். தாளை விரித்ததுபோலப் படர்ந்து நின்றால் தயார். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி முத்து முத்தாக உருண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. துடைக்க, நூல் உதிர்க்கும் பனியன் வேஸ்ட்டைவிடப் பழைய வேட்டித் துணி மேல்.

இத்தனைக்குப் பிறகும் உரிந்தால் ப்ரைமரைப் பாருங்கள். வெறும் அலுமினியத்தின்மேல் நேராக அடித்த பெயின்ட் பலகாலம் நிற்காது. எட்ச் ப்ரைமர் அல்லது எபாக்ஸி ப்ரைமர் மெல்லியதாக ஒரு கோட்டிங் வேண்டும். கதவுக்கும் கிரில்லுக்கும் அடிக்கும் ரெட் ஆக்சைடு இரும்புக்கானது. இங்கே அதற்கு வேலையில்லை. பிளாஸ்டிக் கவர் என்றால் பிளாஸ்டிக்குக்கான தனி ப்ரைமர் வேண்டும்.

கீழ் விளிம்பில் மட்டும், அல்லது ஆயில் மூடியைச் சுற்றி மட்டும் உரிகிறது

இதைப் பெயின்ட் பிரச்சினை என்று நினைத்து இரண்டு பேர் என்னிடம் கொண்டு வந்தார்கள். இரண்டுமே எஞ்சின் பிரச்சினை.

மூடியைச் சுற்றி என்றால், ஆயில் மாற்றும்போது சிந்தியதைத் துடைக்காமல் விட்டிருக்கிறார்கள். மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து போயிருந்தாலும் இப்படி ஆகும். வளையத்தை மாற்றினால் தீர்ந்தது.

கீழ் விளிம்பு என்றால், கவருக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் பேக்கிங் கசிகிறது. போல்ட் தளர்ந்திருக்கிறதா பாருங்கள். பேக்கிங்கை வளைத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் வயர் மாதிரி விறைத்திருந்தால் மாற்றுங்கள். புதுப் பேக்கிங் போட்டும் கசிந்தால், எஞ்சினுக்குள் சேரும் காற்று வெளியேறும் பி.சி.வி. வால்வு அடைத்திருக்கலாம். கழற்றி ஆட்டிப் பாருங்கள், பெரும்பாலான வண்டிகளில் கடகடவென்று சத்தம் வர வேண்டும். அதுவும் சரியாக இருந்து, எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குப்குப்பென்று வந்தால் பெயின்ட் டப்பாவை மூடி வைத்துவிட்டு மெக்கானிக்கிடம் போங்கள். பிஸ்டன் ரிங் தேய்மானமாக இருக்கலாம்.

கொப்புளம் கொப்புளமாக எழும்புகிறது

ஊசியால் ஒன்றைக் குத்திப் பாருங்கள். உள்ளே ஈரம் என்றால் கழுவிய தண்ணீர் போல்ட் ஓட்டையிலோ எழுத்துகளின் இடுக்கிலோ தங்கியிருக்கிறது. பிசுபிசுப்பு என்றால் மேலே சொன்ன ஆயில் கதை. உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் காற்று என்றால் அவசரப்பட்டிருக்கிறீர்கள்: அடிக் கோட்டிங்கின் தின்னர் ஆவியாகும் முன்பே மேலே மூடிவிட்டீர்கள், எஞ்சின் சூட்டில் அது வெளியேற வழி தேடுகிறது. கோட்டிங்குக்குக் கோட்டிங் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள், வண்டியில் மாட்டும் முன் இரண்டு நாளாவது காயட்டும்.

இரண்டாவது கோட்டிங் அடித்ததும் முதல் கோட்டிங் சுருங்கிச் சுருண்டுவிட்டது

டப்பாவின் பின்னால் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்காததுதான் காரணம். பெரும்பாலான எனாமல் டப்பாக்களில், அடுத்த கோட்டிங்கை ஒரு மணி நேரத்துக்குள் அடி, தவறினால் ஒன்றிரண்டு நாள் கழித்து அடி என்கிற மாதிரி ஒரு கெடு போட்டிருக்கும். நடுவில் அடித்தால் அரைகுறையாகக் காய்ந்த அடி அடுக்கைப் புதுத் தின்னர் கடித்துத் தூக்கிவிடும்.

கெடு சரியாக இருந்தும் சுருண்டால், அடியில் ஒரு ரகம் மேலே ஒரு ரகம் அடித்திருக்கலாம். தின்னர் தொட்ட துணியைப் பழைய பெயின்ட்மேல் ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். கரைந்து வந்தால் அது என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட், அதை முழுக்க எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். எஞ்சின் அறையில் என்.சி. எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு சொட்டு பெட்ரோல் பட்டாலே இளகும்.

பால் தெளித்தமாதிரி வெள்ளைப் படலம்

ஐப்பசி, கார்த்திகை மழையில் அடித்தால் வரும். காற்றின் ஈரம் பெயின்ட்மேல் படிந்துவிடுகிறது. லேசாக இருந்தால் வெயில் வந்தபின் மெல்லியதாக ஒரு கோட்டிங் அடித்தாலே மறையும். அவசரமென்றால் கடையில், மெதுவாகக் காயவைக்கும் ரிட்டார்டர் தின்னர் கேட்டு வாங்கிக் கலக்கலாம், ஆனால் அது ஸ்பிரே கன் வைத்து அடிப்பவர்களுக்குத்தான். ஸ்பிரே டப்பாவில் கலக்க வழியில்லை. ஆடி மாதமும் வேண்டாம். அம்மி பறக்கிற காற்றில் தூசி பறக்காதா?

நாள் கணக்காகியும் பிசுபிசுப்பு போகவில்லை

தடிமனாக அடித்துவிட்டீர்கள், அல்லது சூடு காட்ட வேண்டிய பெயின்ட்டுக்குச் சூடு காட்டவில்லை. சைலென்சருக்கு அடிக்கும் 600 டிகிரி பெயின்ட்டை வாங்கி வந்து டேப்பட் கவருக்கு அடிப்பவர்கள் உண்டு. "சூடு அதிகம் தாங்கும்" என்பது அவர்கள் கணக்கு. அந்த ரகம் கெட்டிப்பட 200 டிகிரிக்கு மேல் சூடு கேட்கும். டேப்பட் கவர் ஓட்டத்தில் 100 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அதனால் அது கடைசிவரை அரைவேக்காடுதான். நகம் பட்டாலே கீறும், ஆயில் பட்டால் கரையும். எஞ்சின் எனாமல் போதும். நன்றாக அடித்த பி.யு. (பாலியூரிதேன்) பெயின்ட்டும் போதும்.

எழுத்தின் விளிம்பு பிசிறுகிறது

இனி எழுத்து வேலை. பொறுமை இல்லாதவர்கள் கவர் முழுக்க ஒரே நிறத்தில் அடித்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம், அதுவும் அழகுதான்.

எப்படிச் செய்தீர்கள் என்பதைப் பொறுத்துத் தீர்வு மாறும்.

டேப் ஒட்டி, பிளேடால் வெட்டி எடுத்திருந்தால்: பெயின்ட் முழுக்கக் காய்ந்தபின் டேப்பை உரித்திருப்பீர்கள். அது விளிம்பையும் சேர்த்துப் பிய்க்கும். கடைசி கோட்டிங் தொட்டால் ஒட்டாத பதத்தில், சாய்வாக, மெதுவாக உரிக்க வேண்டும்.

எழுத்துகளில் வாஸ்லினோ கிரீஸோ தடவிவிட்டு அடித்திருந்தால்: அந்த யோசனையைச் சொன்னவரை இனி நம்பாதீர்கள். துடைத்து எடுத்த எண்ணெயை நீங்களே திரும்பப் பூசியிருக்கிறீர்கள். சுற்றிலும் மீன்கண் மாதிரிக் குழிகள் விழுந்திருக்குமே! கழுவி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

கவர் முழுக்க அடித்து, எழுத்தின் தலையை மட்டும் உப்புத்தாளால் தேய்த்திருந்தால்: இதுதான் சரியான வழி, கையில்தான் கோளாறு. விரலால் தாளை அழுத்தித் தேய்த்தால் விரல் நுனி எழுத்தைச் சுற்றி இறங்கும், விளிம்பு உருண்டுவிடும். தாளைத் தட்டையான மரக்கட்டையில் சுற்றிக்கொள்ளுங்கள். கேரம்போர்டு ஸ்ட்ரைக்கர் அளவுக்கு ஒரு துண்டு போதும். எழுத்து நிற்கும் இடமே வளைவாக இருந்தால் கட்டைக்குப் பதில் கெட்டியான ரப்பர். 320இல் தொடங்கி 600, அப்புறம் சோப்புத் தண்ணீர் தொட்டு 1000 வாட்டர் பேப்பர். ஒரே திசையில் தேயுங்கள். முன்னும் பின்னும் இழுத்தால் விளிம்புப் பெயின்ட் செதிலாகத் தெறிக்கும்.

அப்படியும் தெறிக்கிறதென்றால் பெயின்ட் இன்னும் காயவில்லை, அல்லது ப்ரைமர் இல்லை. ஒரு வாரம் விட்டுத் தொடருங்கள். தெறித்த இடங்களை, டப்பா மூடியில் கொஞ்சம் பெயின்ட் அடித்துப் பல்குச்சி நுனியால் தொட்டு வைத்தால் யாருக்கும் தெரியாது. என் கவரில் கடைசி எழுத்தின் காலில் அப்படி ஒரு ஒட்டு இருக்கிறது. இதுவரை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

எழுத்தின் உயரமே தேய்ந்து தரைமட்டமாகிவிட்டால் அதற்கு மருந்து இல்லை. பழைய இரும்புக் கடையில் வேறு கவர் தேடுங்கள்.

எழுத்துக்கு நிறம் அடித்தேன், குழிக்குள் வழிந்துவிட்டது

ஈரமாக இருந்தால், தின்னர் தொட்டுப் பிழிந்த துணியைப் பல்குச்சியில் சுற்றி உடனே எடுங்கள். காய்ந்துவிட்டால் விடுங்கள், அடிநிறத்தை அந்த இடத்தில் தொட்டு மூடலாம்.

பிரஷ்தான் குற்றவாளி. எழுத்துக்குப் பிரஷ் வேண்டாம். பென்சில் அழிக்கும் பெரிய தட்டை ரப்பரை எடுத்து, கண்ணாடித் துண்டின்மேல் மெல்லியதாகப் பரப்பிய பெயின்ட்டில் ஒற்றி, ஆபீஸில் முத்திரை குத்துவதுபோல எழுத்தின் தலையில் ஒற்றுங்கள். மூன்று தடவை ஒற்றினால் நிறம் நிரம்பும், ஓரம் கத்தியால் வெட்டியதுபோல நிற்கும்.

வெள்ளை எழுத்து மாதங்கள் போகப் போக மஞ்சளித்தால், மேலே அடித்த மலிவான கிளியர், அதாவது நிறமில்லாத மேல்பூச்சு, சூட்டில் நிறம் மாறியிருக்கிறது. எஞ்சின் சூட்டுக்கான கிளியர் அடியுங்கள், அல்லது வெள்ளையை விட்டுவிட்டு வெள்ளிக்குப் போங்கள்.

பளபளவென்று இருந்த உலோக எழுத்து மங்கிச் சாம்பல் பூத்துவிட்டது

வெறும் அலுமினியம் காற்றில் நின்றால் அப்படித்தான். எழுத்தைத் தேய்த்த அன்றே கிளியர் அடிக்க வேண்டும்; மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தால் விரல் பட்ட ரேகைகூடக் கிளியருக்கு அடியில் நிரந்தரமாகத் தங்கிவிடும். மங்கியபின் என்றால் 1000 தாளால் மறுபடி லேசாகத் தேய்த்து, துடைத்து, அடியுங்கள்.

ஸ்பிரே டப்பா கிளியர் பெட்ரோலுக்கும் பிரேக் ஆயிலுக்கும் அசராமல் நிற்காது. ஹார்டனர் கலந்த டூ-கே கிளியர் நிற்கும், ஆனால் அதை வீட்டில் அடிக்காதீர்கள். அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலைப் பதம் பார்க்கும். துணி மாஸ்க் அதற்குத் தடையே இல்லை. அந்த ஒரு வேலையை மட்டும் பெயின்ட் அடிக்கும் தனி அறை (பூத்) வைத்திருக்கும் பெயின்ட்டரிடம் கொடுங்கள்.

ரிங்கிள் பெயின்ட் சொரசொரப்பாகவில்லை, வழவழவென்று காய்ந்துவிட்டது

ரிங்கிள் என்பது காயும்போது தானே சுருங்கிச் சொரசொரப்பாகும் பெயின்ட். மற்றப் பெயின்ட்டுக்கு மெல்லியதாக அடி என்று படித்துப் படித்துச் சொல்வோம். இதற்கு நேர்மாறு. ஐந்து நிமிட இடைவெளியில் மூன்று கனமான கோட்டிங்: ஒன்று குறுக்கே, ஒன்று நெடுக்கே, ஒன்று கோணலாக. அப்புறம் சூடு. ஹேர் டிரையர் போதும், கவர் முழுக்க ஒரே சீராகக் காட்ட வேண்டும். ஒரு பக்கம் பொடிச் சுருக்கம் ஒரு பக்கம் பெருஞ்சுருக்கம் என்றால் சூடு சீராக இல்லை. காய்ந்துபோனதைத் திரும்பச் சுருக்க முடியாது. 320 தாள் போட்டு மட்டமாக்கி மறுபடி அடியுங்கள். சமையலுக்குப் பயன்படும் அவனில் வைப்பதாக இருந்தால் அதில் இனிச் சமைக்கக் கூடாது. வீட்டில் அந்தச் சண்டைக்கு நான் பொறுப்பில்லை.

பெயின்ட் அருமை, மாட்டியபின் ஆயில் கசிகிறது

பேக்கிங் உட்காரும் பள்ளத்திலும் போல்ட் உட்காரும் இடத்திலும் பெயின்ட் படிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் சுரண்டி எடுங்கள். போல்ட்டுக்கு அடியில் இருக்கும் பெயின்ட் சூட்டில் நசுங்கும், போல்ட் தளரும், கசிவு தொடங்கும்.

அடுத்தது முறுக்கு. என் சிட்டி போன்ற வண்டிகளுக்கு 10 நியூட்டன் மீட்டர்தான், கை மணிக்கட்டு பலமே போதும். நடுவிலிருந்து ஆரம்பித்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றில் முறுக்குங்கள். இன்னும் கொஞ்சம் என்று ஒரு இழு இழுத்தால் ஹெட்டில் மரை போய்விடும், அப்புறம் லேத் பட்டறைதான். ஹெட்டின் தட்டையான முகமும் கேம் ஷாஃப்ட் உட்காரும் இடத்து வளைவும் சேரும் மூலைகளில் ஒரு துளி சிலிக்கான் வைக்க மறக்காதீர்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் கசிந்தால், கவரைக் கண்ணாடிமேல் கவிழ்த்து வையுங்கள். ஆடினால் வளைந்திருக்கிறது. வேறு கவர் வாங்குவது மேல்.

பவுடர் கோட்டிங்குக்குக் கொடுக்க வேண்டிய கட்டம்

இரண்டு தடவை உரித்து அடித்தும் நிற்கவில்லையென்றால் கொடுத்துவிடுங்கள், மூன்றாவதாக முயன்றது என் பிடிவாதம். பவுடர் கோட்டிங்கில் பெயின்ட்டைத் தூளாகத் தூவி 180 முதல் 200 டிகிரியில் சுடுவார்கள். அதனால் ரப்பர் எதுவும் கவரில் இருக்கக் கூடாது. பிளாஸ்டிக் கவர் போகவே போகாது.

அதைவிட முக்கியம், அவர்கள் முதலில் மணல் அடித்துச் சுத்தம் செய்வார்கள். கவரின் உள்பக்கத்தில் ஆயில் தெறிக்காமலிருக்க ஒரு தகடு இருக்கும். அதன் பின்னால் மணல் புகுந்தால் எத்தனை கழுவினாலும் முழுக்க வராது, எஞ்சின் ஓடும்போது ஆயிலோடு இறங்கி பேரிங்கைத் தின்றுவிடும். தகட்டைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள். ரிவிட் அடித்திருந்து கழற்ற முடியவில்லையென்றால், மணல் வேண்டாம், கெமிக்கலில் உரித்தால் போதும் என்று வாயால் சொல்லாமல் டேப் ஒட்டி எழுதியே கொடுங்கள்.

மாட்டி ஸ்டார்ட் செய்ததும் வாடை, புகை

முதல் அரை மணி நேரம் புதுப் பெயின்ட் வாடை வரத்தான் செய்யும். ஓடவிட்டு அணைத்து, ஆறவைத்து, இரண்டு தடவை இப்படிச் செய்தால் குறைந்துவிடும். ஆனால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட், அதாவது எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் சூடான குழாய், பக்கமிருந்து நீலப் புகையும் கருகிய எண்ணெய் வாடையும் வந்தால் அது பெயின்ட் இல்லை. உடனே அணைத்துவிட்டு, ஆறியபின் டார்ச் அடித்துக் கவரின் கீழ் விளிம்பைப் பாருங்கள். ஆயில் மேனிஃபோல்டில் சொட்டுகிறதென்றால் வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.